கிளப் மைதானத்துக்கு எந்த ரைபிள்? நூற்றைம்பது வருடக் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் இருக்கிறான். அங்கே துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறானாம். "சார், இலக்கு சுட ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கணும். கராண்ட், எம்1ஏ, ஏஆர்-15 என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை" என்று போனில் கேட்டான். வாங்க யோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. என்.சி.சி. பொறுப்பில் இருந்த வருடங்களில் மாணவர்களோடு .22 போல்ட் ரைபிள் சுட்டதுதான் என் அனுபவம். ஆனால் அவன் சொன்ன மூன்று பெயர்களும் சாதாரணப் பெயர்கள் அல்ல. மூன்றுக்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது தெரிந்தால் எதை வாங்குவது என்ற கேள்வியே வேறு மாதிரி தெரியும்.

முதலில் ஒரு விளக்கம். செமி ஆட்டோமேட்டிக் என்றால் அரைத் தானியங்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு தோட்டாதான் போகும். ஆனால் வெடித்த மருந்தின் வாயுவோ பின்னுதைப்போ காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே ஏற்றிவிடும். விசையைப் பிடித்திருக்கும் வரை பொழிந்துகொண்டே இருப்பது முழுத் தானியங்கி, அதாவது மெஷின் கன். போல்ட் ரைபிளில் இந்த ஏற்றும் வேலையை நம் கைதான் செய்ய வேண்டும்.

இப்போது ஒரு சின்ன ஆச்சரியம். துல்லியமாகக் குறி பார்த்துச் சுடுவதற்கு அரைத் தானியங்கி தேவையே இல்லை. ஒலிம்பிக்கில் ரைபிள் போட்டிகள் எல்லாமே ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடுவதுதான். உள்ளே அசையும் பாகங்கள் கூடக்கூடத் துல்லியத்துக்குத் தொல்லை கூடும். அப்படியானால் அமெரிக்க கிளப் மைதானங்களில் இந்த ரைபிள்கள் எப்படி வந்து உட்கார்ந்தன? அந்த மைதானங்களே ராணுவத்துக்காகப் பிறந்தவை என்பதுதான் காரணம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்துச் சிப்பாய்கள் குறி பார்த்துச் சுடத் தெரியாமல் தோட்டாக்களை வீணடித்ததைப் பார்த்து நொந்துபோனவர்கள் வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்ற இரு அதிகாரிகள். 1871-ல் நியூயார்க்கில் இவர்கள் தொடங்கியதுதான் தேசிய ரைபிள் சங்கம். இன்றைக்கு அரசியலில் அடிபடும் அதே சங்கம். லாங் ஐலண்டில் கிரீட்மூர் என்ற இடத்தில் மைதானம் அமைத்தார்கள்.

அங்கே 1874 செப்டம்பரில் அயர்லாந்து அணி வந்து மோதியது. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜ தூரம். அயர்லாந்துக்காரர்கள் குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இடிக்கும் பழைய வகை ரைபிளோடு வந்தார்கள். அமெரிக்கர்களிடம் பின்பக்கமாகத் தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்கள். புது வகைத் துப்பாக்கியில் துல்லியம் வராது என்று அந்தக் காலத்து வல்லுநர்கள் பலர் நம்பினார்கள். முடிவு: அமெரிக்கா 934, அயர்லாந்து 931. இதில் ஒரு வேடிக்கை. அயர்லாந்து வீரர் மில்னர் ஒரு குண்டை நடு வட்டத்தில்தான் அடித்தார். ஆனால் பக்கத்து இலக்கின் நடு வட்டத்தில்! அதற்குப் பூஜ்யம். நடு வட்டத்துக்கு 4 மதிப்பெண். கூட்டிப் பாருங்கள், அந்த ஒரு குண்டு சரியான இலக்கில் விழுந்திருந்தால் கதையே மாறியிருக்கும். வகுப்பில் விடைத்தாளில் கேள்வி எண் மாற்றி எழுதும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

1903-ல் அமெரிக்க அரசே ரைபிள் பயிற்சிக்கென்று ஒரு தேசிய வாரியம் அமைத்தது. நாட்டின் இளைஞர்கள் முன்கூட்டியே சுடக் கற்றிருந்தால் போர் வரும்போது ராணுவத்துக்கு வேலை மிச்சம் என்பது கணக்கு. 1907-லிருந்து தேசியப் போட்டிகள் ஓஹியோவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெரி என்ற இடத்தில் நடக்கத் தொடங்கின. ராணுவத்தின் கையில் எந்த ரைபிளோ அதுவே போட்டியிலும். அன்றைக்கு அது ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 என்ற போல்ட் ரைபிள், ஐந்து தோட்டா பிடிப்பது. அந்தக் காலத்து அமெரிக்கக் குறிகாரர்களுக்கு அது குலதெய்வம் மாதிரி.

அந்தக் குலதெய்வத்தை இறக்கியவர் ஜான் கராண்ட். கனடாவின் கியூபெக்கில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்து நூற்பாலையில் வேலை பார்த்தவர். இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட மனிதர். 1919-ல் மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச் சாலையில் சேர்ந்தார். அரைத் தானியங்கி ரைபிள் ஒன்றை உருவாக்க ஏறத்தாழ பதினேழு வருடம் உழைத்தார். நடுவில் அவர் ரைபிளைச் சிறிய .276 தோட்டாவுக்குத் தயாராக்கி வைத்திருந்தார். 1932-ல் தலைமைத் தளபதியாக இருந்த மெக்ஆர்தர், கிடங்கில் குவிந்து கிடக்கும் பழைய .30 தோட்டாவை என்ன செய்வது என்று அதை மறுத்துவிட்டார். கராண்ட் மறுபடி பெரிய தோட்டாவுக்கு மாற்றினார். 1936-ல் எம்1 என்ற பெயரில் ராணுவம் ஏற்றுக்கொண்டது.

எட்டுத் தோட்டாக்களை ஒரு தகரக் கிளிப்போடு மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். எட்டாவது போனதும் காலிக் கிளிப் 'டிங்' என்று வெளியே துள்ளும். அழுத்தும்போது கட்டைவிரலை எடுக்கத் தாமதித்தால் போல்ட் பாய்ந்து நசுக்கும். 'கராண்ட் கட்டைவிரல்' என்றே அதற்குப் பெயர். பழைய குறிகாரர்கள் இந்த ரைபிளை ஆரம்பத்தில் சும்மா விடவில்லை. குறி தவறுகிறது, 1903 மாதிரி வராது என்று பத்திரிகையில் எழுதினார்கள். மெல்வின் ஜான்சன் என்பவர் போட்டி ரைபிளோடு வர, வழக்கு நாடாளுமன்றம் வரை போனது. இரண்டாம் உலகப் போர் வந்து எல்லோர் வாயையும் அடைத்தது. மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கராண்டுக்குக் கிடைத்தது மாதச் சம்பளமும் பதக்கமும்தான். லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் வந்த மசோதா நிறைவேறவில்லை. அரசு ஊழியராக இருந்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

குறிகாரர்கள் சொன்ன குறையில் உண்மை இருந்தது. ஆனால் அதைச் சரிசெய்ததும் சுடுதளம்தான். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே ஆட்டம் இல்லாமல் கண்ணாடி நார்ப் பிசினை ஊற்றி இறுக்கினார்கள். தேர்ந்தெடுத்த குழல், நுணுக்கமாகத் திருப்பும் பின் சைட், மெருகேற்றிய விசை. இப்படித் தயாரான கராண்ட், போல்ட் ரைபிளோடு சமமாக நின்றது. வேகச் சுற்றில் அதன் பலம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 200 கெஜத்தில் உட்கார்ந்தபடி பத்துத் தோட்டாவை 60 நொடியில் சுட வேண்டும், நடுவில் ஒருமுறை மறுபடி நிரப்பவும் வேண்டும். போல்ட்காரர் ஒவ்வொரு முறையும் கையை எடுத்து இழுத்துத் தள்ளுகிறார். கராண்ட்காரர் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுப்பதே இல்லை.

பையன் சொன்ன இரண்டாவது பெயரான எம்1ஏ, கராண்டின் வாரிசு. 1957-ல் ராணுவம் எடுத்த எம்14 ரைபிள் கராண்டின் உடம்பில் 20 தோட்டா மேகசின் வைத்தது போன்றது. அதில் முழுத் தானியங்கி வசதியும் உண்டு என்பதால் பொதுமக்களுக்கு விற்க முடியாது. அந்த வசதி இல்லாமல் 1970களில் தனியார் நிறுவனம் ஒன்று செய்ததுதான் எம்1ஏ. நிறுவனத்தின் பெயரும் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி! அரசு ஆயுதச் சாலை 1968-லேயே மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் வேறு கைக்குப் போனது. இதில் ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு.

மூன்றாவது ஏஆர்-15. யூஜீன் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்தது. 'ஏஆர்' என்பது அந்த நிறுவனப் பெயரின் சுருக்கம். வியட்நாம் போரில் எம்16 ஆனது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்த உடம்பு. குண்டின் எடை வெறும் 3.6 கிராம், கராண்டின் போட்டிக் குண்டு 11 கிராம். சுடுதளத்துப் பெரியவர்கள் 'எலித் துப்பாக்கி' என்று சிரித்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஏரிக்காற்று அடிக்கும் கேம்ப் பெரியில் 600 கெஜத்தில், அதாவது ஏறத்தாழ 550 மீட்டரில், பத்து மதிப்பெண் வட்டம் ஒரு அடிதான் அகலம். அந்த லேசான குண்டைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும்.

இதற்கு வழி குழலுக்குள் இருந்த சுருள் வரியில் கிடைத்தது. வியட்நாம் காலத்து எம்16 குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1980களில் வந்த எம்16ஏ2-ல் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. முறுக்கு இறுகினால் நீளமான, கனமான குண்டையும் நிலையாகச் சுழற்ற முடியும். போட்டிக்காரர்கள் 5.2 கிராம் குண்டு வரை போனார்கள். அந்தத் தோட்டா மேகசினுக்குள்ளேயே நுழையாத அளவு நீளம்! 600 கெஜத்தில் மெதுவாகத்தானே சுடுகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கையால் போட்டார்கள். குழலை எதுவும் தொடாதபடி கைப்பிடிக்குள் தனிக் குழாய் வைத்தார்கள். 1990களின் நடுவில் ராணுவத்தின் சொந்தச் சுடுதல் அணியே எம்14-ஐ வைத்துவிட்டு எம்16 எடுத்து ஜெயிக்கத் தொடங்கியதும் சிரித்தவர்கள் கடைக்குப் போனார்கள். உதைப்பு குறைவு என்பதால், ஒரு போட்டியில் 80 தோட்டா சுட்டாலும் தோள் தாங்கும். 2016-லிருந்து இந்தப் போட்டிகளில் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் தொலைநோக்கி சைட்டையும் அனுமதித்துவிட்டார்கள். கண் மங்கிய எங்கள் வயதுக்காரர்களுக்கு அது வரம்.

எனவே பையனிடம் நான் திருப்பிக் கேட்ட கேள்வி, "எந்தப் போட்டி சுடப்போகிறாய்?" என்பதுதான். மதிப்பெண்தான் குறி என்றால் விடையை மைதானம் முப்பது வருடம் முன்பே சொல்லிவிட்டது: முறுக்கு இறுகிய நல்ல குழல் உள்ள ஏஆர். விசை 4.5 பவுண்டுக்குக் குறையக்கூடாது என்பது விதி. பழைய ரைபிள் மேல் ஆசை என்றால், 1996-ல் அரசு வாரியத்தின் வேலையை ஏற்ற சி.எம்.பி. என்ற அமைப்பு இன்றும் பழைய கராண்டுகளை விற்கிறது. கிளப் உறுப்பினராக இருக்க வேண்டும், பின்னணிச் சோதனை உண்டு. கிரீஸ், டென்மார்க், பிலிப்பைன்ஸ் நாடுகளுக்கு உதவியாகப் போய்த் திரும்பி வந்தவை அவற்றில் பல. கராண்டுக்குத் தனிப் போட்டியே நடக்கிறது. மெதுவாக எரியும் மருந்து நிரப்பிய இன்றைய தோட்டா சிலவற்றைப் போட்டால் கராண்டின் இயக்கத் தண்டு வளைந்துவிடும், அதை மட்டும் விசாரித்துக்கொள் என்றேன். எம்1ஏ அழகுதான். ஆனால் அதைத் துல்லியமாக வைத்திருக்க ஆகும் செலவும் பராமரிப்பும் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு அதிகம் என்பது என் எண்ணம். இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் 1964-லிருந்து வரும் ரூகர் 10/22 என்ற .22 ரைபிளே பழகப் போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் சொன்னதாகாது. இதே ரைபிள்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்ட் ஊரில் ஒருவன் 16 பேரைக் கொன்றான். அவன் கையில் இருந்தவை உரிமம் பெற்ற துப்பாக்கிகள். அவன் கிளப் உறுப்பினர். அடுத்த வருடமே .22 தவிர மற்ற அரைத் தானியங்கி ரைபிள்களை பிரிட்டன் தடை செய்தது. 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்த பின் ஆஸ்திரேலியாவும், 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் இறந்த பின் நியூசிலாந்தும் சட்டத்தை இறுக்கின. ஒழுங்காக இலக்கு சுட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் ரைபிளை ஒப்படைத்தார்கள். அவர்களுக்கு அது வருத்தம்தான். செத்தவர்கள் வீட்டு வருத்தத்தோடு அதை நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

பிரிட்டனின் பிஸ்லி மைதானத்தில் இன்றும் ஏஆர் வடிவ ரைபிள்கள் சுடுகின்றன. வாயு அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பு மட்டும் அவற்றில் இருக்காது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் பக்கத்துக் கைப்பிடியைக் கையால் இழுத்து விடுகிறார்கள்.