நூல்விலையும் நம் கல்வியும்

கல்லூரிக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சேர்க்கையையும் கட்டணத்தையும் பற்றியே பேசுவர். நூல்விலை அவர்தம் கணக்கில் வருவதில்லை. ஆயின், முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த நம் சமுதாய மாணாக்கர் பலர், இடம் கிடைத்தும், கட்டணச் சலுகை பெற்றும், நூலின்றித் தடுமாறினர். அக்குறை எவ்வெவ்வழிகளில் ஈடு செய்யப்பட்டது என்பதை இம்மலரில் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் நினையத்தக்கவர் அண்ணல் அம்பேத்கரே. 1913 இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அத்தொகையில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்பியது போக, வயிற்றைச் சுருக்கிப் பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கினார். ஏறத்தாழ 2,000 நூல்கள் சேர்ந்தன என்பர். 1917 இல் இலண்டனிலிருந்து தாயகம் திரும்புங்கால் வேறொரு கப்பலில் அனுப்பிய அவர்தம் நூல்கள், போரில் அக்கப்பல் தாக்கப்பட்டமையால் கடலுள் மூழ்கின. அதற்கெல்லாம் அவர் சோர்ந்தாரல்லர். பின்னாளில் மும்பை தாதரில் எழுப்பிய 'இராஜகிருகம்' நூல்களுக்கென்றே கட்டிய இல்லம் போன்றது.

சென்னை மாணாக்கர்க்கு அத்தகைய கடைத்தெருவாய் விளங்கியது சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்திருந்த மூர் மார்க்கெட். 1900 இல் திறக்கப்பட்ட அங்காடி அது. சென்ற ஆண்டு மாணவன் விற்ற நூலை இவ்வாண்டு மாணவன் குறைந்த விலைக்கு வாங்குவான். தேர்வு முடிந்ததும் அவனும் விற்றுவிடுவான். ஆகவே அவனுக்கு உண்மையில் ஆகும் செலவு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. பேரம் பேசக் கூசுகிறவனுக்கு அங்கே இடமில்லை! கணித நூல் பழையதாயினும் கேடில்லை. சட்ட நூலோ, திருத்தங்கள் வந்துவிட்டால் வழிதவறச் செய்யும். 30-5-1985 அன்று அவ்வங்காடி தீக்கிரையாயிற்று. கடைகள் அருகிலேயே வேறிடம் பெயர்ந்தன.

புதிய நூல்களும் மலிவு விலையில் கிடைத்த காலம் ஒன்றுண்டு. பிரித்தானிய அரசு பொருளுதவி செய்ய, 1960 முதல் வெளிவந்த இ.எல்.பி.எஸ். பதிப்புகள் மருத்துவ, பொறியியல் மாணாக்கர்க்குப் பேருதவியாயின. சோவியத்து நாட்டு மீர் பதிப்பகத்தின் கணித, இயற்பியல் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் சில ரூபாய்க்கே விற்றது. 1991 இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தது, இ.எல்.பி.எஸ். திட்டமும் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் நின்றது. பிறர் அளித்த மலிவு பிறர் விருப்பப்படியே முடிந்தது.

நம் உரிமையென வந்தவை வேறு. 1944 இல் தாழ்த்தப்பட்டோர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கிற்று. எனினும் அத்தொகை உணவுக்கும் உறையுளுக்குமே போதாதாயிற்று. இதனை உணர்ந்தே 1978-79 இல் மைய அரசு 'புத்தக வங்கி'த் திட்டத்தைக் கொணர்ந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணாக்கர்க்குக் கல்லூரியே பாடநூல்களை வாங்கிக் கடனாகத் தந்தது. படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியிருந்தது. இருவருக்கு ஒரு தொகுதி என்பதும், ஒரு தொகுதியின் ஆயுள் மூன்றாண்டு என்பதும் பின்னர் நிலைபெற்ற விதிகள். தேர்வுக்கு முந்திய இரவில் ஒரு நூலை இருவர் எங்ஙனம் படிப்பர் என்று விதி வகுத்தோர் எண்ணினாரோ, அறியோம். ஒரே விடுதி அறையில் இருப்போர் முறைவைத்துப் படிக்கலாம். ஒருவன் விடுதியிலும் ஒருவன் ஊரிலும் இருப்பின் என் செய்வது? அத்திட்டம் இருந்ததையே அறியாத மாணாக்கரும் இருந்தனர். இளைஞர்களே, கல்லூரியில் சேர்ந்த அன்றே நூலகரிடம் இத்தகைய வசதி உண்டா எனக் கேளுங்கள்.

இத்திட்டத்தின் பெருங்குறை யாதெனின், கலைப்பாடம் பயில்வோர் இதில் இடம்பெறாமையே. நம் பிள்ளைகள் மிகுதியாகச் சேர்ந்ததோ வரலாறு, பொருளியல், தமிழ் வகுப்புகளில்தான்! அவர்களுக்குக் கை கொடுத்தவை அரசு வெளியிட்ட தமிழ்வழிக் கல்லூரி நூல்களாகும். 1960 இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தோன்றியபின் அத்தகைய நூல்கள் வரலாயின. 1970 இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. அவற்றுட் பல அச்சில் அருகிப்போயினும், இப்பொழுது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பொருளியல் நூல்களின் புள்ளிவிவரங்கள் பழையன. அவற்றை மட்டும் புதிய நூலோடு ஒப்பிட்டுக் கொள்ளல் வேண்டும்.