அங்க அடையாளங்கள்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வருகிற பாதையில் இடுக்குப் பிள்ளையார் என்று ஒரு சின்னக் கோயில் உண்டு. கோயில் என்பதைவிடச் சந்து என்பது பொருந்தும். அடுத்தடுத்து மூன்று வாசல்கள், ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் சற்றே விலகி. பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, உடம்பை நெளித்து முன்பக்கமாக வெளியே வரவேண்டும். பருத்த சரீரமுள்ளவர்கள் வாசலில் நின்று யோசிப்பார்கள். உள்ளே போனவரின் தலை மறுபக்கம் தெரிந்ததும் கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். பெரும்பாலும் எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். முடியாது என்று பட்டவர் நின்ற இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைத் தொடர்கிறார். மலை அவரைத் திருப்பி அனுப்புவதில்லை.

இதே ஜில்லாக்காரர்கள் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் வேறொரு இடுக்கு வழியாகவும் போயிருக்கிறார்கள். அது சென்னையில் இருந்த கூலி டிப்போ. அங்கே நுழைந்தவர்கள் எல்லோரும் மறுபக்கம் வரவில்லை.

1834இல் மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். நேட்டாலுக்குப் போன முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் 342 பேர். அன்றிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனதாகக் கணக்கு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஃபிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். நேட்டாலானாலும் ஃபிஜியானாலும் ஆள் கொடுத்த ஜில்லாக்களில் வட ஆற்காடு முன்வரிசையில் இருந்தது.

திருவண்ணாமலையைத் தேடிக்கொண்டு இந்தப் பட்டியல்களுக்குள் போகிறவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1911 வரை திருவண்ணாமலைத் தாலுகா தென்னாற்காட்டில் இருந்தது; ஃபிரான்சிஸ் 1906இல் எழுதிய தென்னாற்காடு கெஜட்டியரில்தான் இந்த ஊர் வருகிறது. போளூர், ஆரணி, வந்தவாசி அப்போதே வட ஆற்காடு. 1989இல் தனி மாவட்டம் ஆனபிறகுதான் இவையெல்லாம் ஒரே பெயருக்குக் கீழ் வந்தன. ஆகவே நம் ஊர்க்காரர்கள் இரண்டு ஜில்லாக்களின் பெயரில் சிதறிக் கிடக்கிறார்கள். ஊர்ப் பெயர்களோ, காதில் விழுந்தபடி ஒரு குமாஸ்தா இங்கிலீஷில் எழுதிக்கொண்டவை.

கப்பலேறியவருக்கு ஒரு சீட்டு உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். பிறகு உயரம், அடி அங்குலக் கணக்கில். பிறகு அங்க அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, மார்பில் மச்சம், கையில் பச்சை என்கிற மாதிரி. கீழே டாக்டர்களின் கையெழுத்து: இந்த ஆள் பரிசோதிக்கப்பட்டான், உடலிலும் மனத்திலும் நோயில்லை, அம்மை குத்தியாகிவிட்டது, குடியேறத் தகுதியானவன்.

தீபத்தோடு நடக்கும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சீட்டு புதிதாகத் தெரியாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பது, சுழி பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது. வித்தியாசம் ஒன்றுதான். மாட்டை விற்கிறவன், வாங்குகிறவன் இருவரும் துண்டுக்கடியில் விரல்களால் பேசிக்கொள்வார்கள். மாடு எதற்கும் சம்மதம் சொல்லவேண்டியதில்லை. டிப்போவில் பார்க்கப்படுகிறவனே சம்மதம் சொல்லிக் கைநாட்டு வைக்கவேண்டும். தன்னை விற்பதற்குத் தானே சாட்சி.

இந்தப் பரிசோதனை வெறும் கொடுமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். உண்மை அவ்வளவு சௌகரியமாக இல்லை. 1856-57இல் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் ஏறியவர்களில் சராசரி 17 சதவிகிதம் பேர் வழியிலேயே செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவ விதிகள் இறுகின. 1864, 1871, 1883 என்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. கப்பல் டாக்டருக்கு உயிரோடு கரையிறங்கிய தலைக்கு இவ்வளவு என்று பணம். சாவு குறைந்தது. ஆனால் யாருடைய கணக்கில் குறைந்தது என்று பார்க்கவேண்டும். கடலில் விழுந்த பிணம் தோட்ட முதலாளிக்கு நஷ்டம். பிரயாணச் செலவு கொடுத்தவன் அவன். டாக்டரின் கையெழுத்துக்கு அர்த்தம் 'இவன் ஆரோக்கியமாக இருக்கிறான்' என்பதல்ல; 'இவன் ஐந்து வருஷம் தாங்குவான்' என்பது. நேட்டாலில் முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். அந்தக் கணக்குக்குத் தாங்கவேண்டிய உடம்பு.

இந்தச் சீட்டில் உயரத்துக்கு இடமுண்டு, எடைக்கு இல்லை. ஆனால் அதே காலத்தில், அதே ராஜதானியில், உடம்பின் எடையை வேறொரு இடத்தில் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். 1876-78 பஞ்சம். தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்லிக் கேட்டது. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலையில் ஓர் ஆண் கூலிக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் கூடச் சில காசுகளும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் அரைக் கிலோவுக்கும் கம்மி. சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் வெட்டுகிறவன் இதைத் தின்று உயிர் வாழ முடியாது என்பது அவர் வாதம். சில மாதங்களில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

ஆக, ஒரே சர்க்காரின் கையில் இரண்டு அளவுகோல்கள். உள்ளூரில் இருப்பவன் செத்துவிடாமல் இருக்க எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்பது ஒன்று. கடல் கடப்பவன் உழைப்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கவேண்டும் என்பது மற்றது. 1866இல் நின்றுபோயிருந்த நேட்டால் குடியேற்றம் 1874இல் மறுபடி தொடங்கியிருந்தது. இரண்டு வருஷத்தில் பஞ்சம். வயிறு காய்ந்து ஆள்கட்டியின் பின்னால் போனவனை, வயிறு காய்ந்திருக்கிறான் என்பதற்காகவே டிப்போ டாக்டர் கழித்திருப்பார். எது அவனை ஊரைவிட்டுத் துரத்தியதோ அதுவே அவனை வாசலில் நிறுத்தியது.

தேறியவனின் உடம்பும் நிரந்தரமாகத் தேறியது அல்ல. ஒப்பந்தம் முடிந்து நேட்டாலிலேயே தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி என்று 1895இல் சட்டம் செய்தார்கள். 1897இல் இன்னொரு சட்டம்: சொந்தமாக வருகிற இந்தியனுக்கு ஐரோப்பிய மொழியொன்று எழுதத் தெரியவேண்டும், அவன் பரதேசியாகவோ, புத்தி பேதலித்தவனாகவோ, அருவருப்பான தொற்றுநோய் உள்ளவனாகவோ இருக்கக்கூடாது. ஒரே துறைமுகத்தில் இரண்டு வாசல்கள். கட்டுப்பட்டவனுக்கு எழுத்து வேண்டாம், தோளும் துடையும் போதும். சுதந்திரமாக வருகிறவனுக்கு எழுத்தும் வேண்டும், நோயின்மையும் வேண்டும். 1901இல் ஆஸ்திரேலியா தன் வெள்ளைக் கொள்கைக்கு எடுத்துக்கொண்ட மாதிரி இந்த நேட்டால் சட்டம்தான். கூலிகளைப் பொறுக்கிய ஊர், உலகத்துக்குக் கதவு செய்யக் கற்றுக்கொடுத்தது.

அமெரிக்காவிலும் கதை வேறில்லை. 1882 சட்டம் பைத்தியங்களையும், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாமல் பொதுப் பணத்துக்குச் சுமையாகக்கூடியவர்களையும் விலக்கியது. 1891இல் தொற்றுநோய் சேர்ந்தது. எல்லிஸ் தீவில் டாக்டர்கள் மாடிப்படி ஏறுகிறவர்களைப் பார்த்து, சந்தேகப்பட்டவர்களின் சட்டையில் சாக்குக்கட்டியால் எழுத்துப் போட்டார்கள். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களை அநேகமாகக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டார்கள். தீவு கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களுக்கு. பசிபிக் பக்கத்து ஏஞ்சல் தீவில் ஆசியர்களுக்குக் கொக்கிப்புழுச் சோதனை. செருப்பில்லாமல் வயலில் நின்ற எந்தக் காலிலும் ஏறக்கூடிய புழு அது. புழுவைக் கண்டுபிடிப்பதற்கும் விவசாயியைக் கண்டுபிடிப்பதற்கும் அதிக வித்தியாசமில்லை.

நமக்குப் பக்கத்தில் மண்டபம். இலங்கை சர்க்கார் இந்திய மண்ணிலேயே முகாம் போட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர்களை நாட்கணக்கில் அடைத்துவைத்து, அம்மை, காலரா, பிளேக் பார்த்து, துணிகளைப் புகைபோட்டு அனுப்பியது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே மண்டபத்தில், அவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கினார்கள். போகும்போது நோய் இருக்கிறதா என்று கேட்ட இடம், வரும்போது என்ன கேட்டிருக்கும்? நம் இலக்கியத்தில் இந்தக் கேள்விக்குக் கிட்டே போனது 'துன்பக்கேணி'. புதுமைப்பித்தனின் மருதிக்கு நோய் ஊரிலிருந்து போனதல்ல; தோட்டம் கொடுத்தது. போகிற உடம்புக்குச் சீட்டு உண்டு. தோட்டம் அந்த உடம்புக்குச் செய்ததற்குச் சீட்டு இல்லை.

ஒரே ஒரு தடவை அந்தச் சீட்டு திசைமாறியதாகச் சரித்திரத்தில் இருக்கிறது. 1894இல் டர்பனில், முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு தமிழ்க் கூலி காந்தியின் அறைக்கு வந்தார். பெயர் பாலசுந்தரம். காந்தி செய்த முதல் காரியம் அவரை ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கியது. அதைக் கொண்டுபோய் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார். அங்க அடையாளம் முதல் தடவையாக அந்த உடம்பின் பக்கம் நின்று பேசியது.

இப்போது தராசு தலைகீழாகிவிட்டது. 2013இல் நியூசிலாந்தில் ஆறு வருஷம் வேலை பார்த்த ஒரு தென்னாப்பிரிக்கச் சமையற்காரருக்கு, 130 கிலோ எடை என்பதால் விசாவை நீட்டிக்க மறுத்தார்கள். வந்த நாளைவிட அவர் 30 கிலோ இளைத்திருந்தார். 2025 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை, குடியேற விண்ணப்பிப்பவர்களின் நீரிழிவு, இதயநோய், உடற்பருமன் ஆகியவற்றையும் பார்த்து, இவர் நாளை நமக்குச் செலவு வைப்பாரா என்று கணிக்கும்படி தன் தூதரகங்களுக்கு எழுதியது. வளைகுடாவுக்குப் போகிற நம் பையன்கள் எக்ஸ்ரேயில் ஒரு பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் 'அன்ஃபிட்' ஆகித் திரும்புகிறார்கள். நோய் ஆறிப்போயிருக்கும்; தழும்பு போதும்.

அன்று ஒல்லியானவனைக் கழித்தார்கள், இன்று பருத்தவனை. இரண்டு காலத்திலும் கேள்வி ஒன்றுதான்: இந்த உடம்பால் வரவா, செலவா? ஆரோக்கியம் என்பது அந்தக் கேள்விக்குப் போட்ட வெள்ளைக் கோட்டு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற கணக்கை 1830களில் சொன்ன கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியல்காரர். அவர் தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அல்ல. ஆசியர்களுக்கு இன்னும் குறைந்த எண்ணிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள். ஒரே எண் எல்லா உடம்புக்கும் ஒரே சேதியைச் சொல்வதில்லை என்று ஆகிறது. ஆனால் வாசலில் நிற்கிற அதிகாரிக்கு ஓர் எண் தேவைப்படுகிறது.

நேட்டால் பட்டியல்களை இன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிற பேரன் பேத்திகள் தேடிப் படிக்கிறார்கள். தங்கள் கிராமம் எது என்று அறிய அவர்களுக்கு வேறு தடயம் இல்லை. மாட்டைப்போல் பார்த்து எழுதின வரிகள் குடும்பச் சரித்திரமாகியிருக்கின்றன. முழங்காலில் தழும்பு என்று இருக்கும். கிணற்றில் இறங்கும்போது விழுந்ததா, மாடு முட்டியதா, யாராவது அடித்ததா என்பதற்கு அந்தச் சீட்டில் கட்டம் கிடையாது. எழுதுகிறவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அந்தக் கட்டத்தில் இருந்தது. நாம் அநேகமாகச் செய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. பட்டியல்களில் இருப்பவர்கள் தேறியவர்கள். கழிக்கப்பட்டவர்களுக்கு வழிச்செலவு கொடுத்து ஊருக்கு அனுப்பவேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. கண் வலித்தவன், நெஞ்சு கூடானவன், குஷ்டம் என்று சந்தேகப்பட்டவன், ஏற்கெனவே கிழமானவள். இவர்களை யாரும் கப்பல் பட்டியலில் எழுதவில்லை. உயரமும் தெரியாது, தழும்பும் தெரியாது. ஆற்காட்டுப் பக்கம் திரும்பி நடந்திருப்பார்கள். சிலர் வழியில் செத்திருக்கலாம். சிலர் ஊர் வந்து சேர்ந்து, பிழைத்து, பிள்ளை பெற்றிருப்பார்கள். கடல் தாண்டியவர்களின் சந்ததி நேட்டாலில் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கிற நாம், போகாதவர்களின் சந்ததி. போக விரும்பாதவர்களிடமிருந்து வந்தோமா, தேறாதவர்களிடமிருந்து வந்தோமா என்று நிச்சயமாகச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் சீட்டு இல்லை.