கொலுவில் நான் போட்ட தவறான மதிப்பெண்



சென்ற நவராத்திரியில் நம் சங்கம் நடத்திய கொலுப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். அதில் 'பார்க்' பகுதிக்கு நடுவராக இருந்தவன் நான். அழகுக்கு 20, உழைப்புக்கு 20, பொருளின் சரித்தன்மைக்கு 10 என்று மொத்தம் 50 மதிப்பெண். இந்த முறை இரண்டு வீட்டில் டைனோசர் பார்க் அமைத்திருந்தார்கள். ஒரு வீட்டுச் சிறுமி களிமண்ணில் தானே ஒரு வெலோசிராப்டர் செய்து, அதன் கைகளிலும் வாலிலும் கோழி இறகு ஒட்டியிருந்தாள்.

"என்ன கண்ணு, டைனோசருக்கு இறகா? இது கோழி மாதிரி இருக்கே" என்றேன்.

"அதுக்கு இறகு இருந்துச்சு தாத்தா, புக்குல போட்டிருக்கு" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே 10க்கு 3 போட்டேன். அடுத்த வீட்டுப் பையன் கடையில் வாங்கிய பொம்மைகளை வைத்திருந்தான். சினிமாவில் பார்த்ததைப் போலவே இருந்ததால் அவனுக்கு 9. சிறுமி நான்கு மதிப்பெண்ணில் முதல் பரிசை இழந்தாள்.

நான் பி.காம். படித்தவன். பணிக்காலம் முழுவதும் வங்கியில் குமாஸ்தா. டைனோசர் என் பாடம் அல்ல. ஆனால் ஒரு பதிவைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே இந்த இரண்டு மாதமாக நூலகத்திலும் பேரனின் புத்தகங்களிலும் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

'டைனோசர்' என்ற சொல்லை 1842இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1854இல், லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் அவருடைய ஆலோசனையின்படி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி முழு உருவச் சிலைகளை அமைத்தார். பாடம் நடத்துவதற்கென அவற்றின் சிறு மாதிரிகளும் விற்பனைக்கு வந்தன. இன்றைய பொம்மைகளுக்கு அவை கொள்ளுப்பாட்டி என்று சொல்லலாம். அங்கே இகுவானோடான் என்ற டைனோசர் நான்கு காலில் காண்டாமிருகம் போல நிற்கிறது. மூக்கின் மேல் ஒரு கொம்பு.

அந்தக் கொம்பு தவறு. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகளே கிடைத்தபோதுதான் அது மூக்குக் கொம்பு அல்ல, கட்டைவிரல் முள் என்று உறுதியானது. ஹாக்கின்ஸ் ஏமாற்றவில்லை. அவர் கையில் இருந்த வவுச்சர்கள் அவ்வளவுதான். அதனால்தான் அந்தச் சிலைகளை யாரும் இடிக்கவில்லை. இன்றும் அரசுப் பாதுகாப்பில் அங்கேயே நிற்கின்றன.

அதற்குப் பிறகு வந்தது வால் கதை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ருடால்ஃப் ஜாலிங்கர் 1947இல் முடித்த பிரம்மாண்டமான சுவரோவியத்தில் டைரனோசரஸ் நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுக்கிறது. 1950களில் மார்க்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி பிளாஸ்டிக் டைனோசர்களை வார்த்தபோது அந்த நிற்கும் பாணியே பொம்மைக்கும் வந்தது. அதைப் பார்த்து வார்த்த மலிவுப் பொம்மைகள் உலகெங்கும் பரவின. ஆனால் 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் என்ற ஆய்வாளர் டைனோனிக்கஸ் என்ற வேட்டை டைனோசரை விவரித்தார். அதன் வால் விறைப்பானது, உடலுக்கு நேர்கோட்டில் பின்னால் நீண்டு எடையைச் சமன் செய்வது என்று காட்டினார். அதன்பின் அருங்காட்சியகங்கள் தங்கள் எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தின. பொம்மைகள் மட்டும் பல ஆண்டுகள் வாலை இழுத்துக்கொண்டே இருந்தன.

இதில் பொம்மை செய்பவரின் சிரமத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு சிறிய காலில், வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பொம்மை நிற்காது, குப்புற விழும். ஒன்று பாதத்தைப் பெரிதாக்க வேண்டும், இல்லையேல் வாலை மூன்றாவது காலாக்க வேண்டும். ஆகவே வால் தரையில் பட்டால் அறியாமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதி அறியாமை, பாதி பிழைப்பு.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். 1993இல் வந்த ஜுராசிக் பார்க் படத்தில் வெலோசிராப்டர் ஆள் உயரம், செதில் தோல். நிஜத்தில் அது வால் உட்பட சுமார் 2 மீட்டர் நீளம்தான். உடல் ஒரு வான்கோழி அளவு. படம் வந்து மூன்றே ஆண்டில், 1996இல், சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் இறகுப் படிவத்தோடு சைனோசரோப்டெரிக்ஸ் என்ற டைனோசர் வெளிவந்தது. 2007இல் மங்கோலியாவில் கிடைத்த ஒரு வெலோசிராப்டரின் முன்கை எலும்பிலேயே இறகு வேர்விட்ட புடைப்புகளைக் கண்டார்கள். அந்தச் சிறுமி கையில் ஒட்டிய இறகு, எலும்பில் சாட்சி உள்ள இறகு.

நான் 9 போட்ட பார்க்கிலோ டைரனோசரஸ் வால் தரையில் கிடந்தது. கையில் இரண்டு விரலுக்குப் பதில் மூன்று. முதுகில் பாய்மரம் வைத்த டைமெட்ரோடான் ஒன்றும் நின்றது. அது டைனோசரே அல்ல. முதல் டைனோசர் தோன்றுவதற்கு ஏறத்தாழ 4 கோடி ஆண்டு முன்பே அழிந்துபோனது. உறவுமுறை பார்த்தால் டைனோசரைவிட, பாலூட்டிகளான நமக்குத்தான் நெருக்கம். பையன் மேல் குற்றமில்லை. கடையில் ஒரே பையில் போட்டு விற்கிறார்கள், அவன் வாங்கி வைத்தான்.

உங்கள் வீட்டுப் பொம்மையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வயிற்றின் அடியில் பெரும்பாலும் கம்பெனி பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு வாலைப் பாருங்கள், விரலை எண்ணுங்கள். வேட்டை டைனோசரின் உள்ளங்கை தரையைப் பார்க்கிறதா, கைதட்டுவது போல ஒன்றையொன்று பார்க்கிறதா என்று கவனியுங்கள். கைதட்டுவது போல இருந்தால்தான் சரி. 1955இன் பொம்மையை 2007இன் அறிவைக் கொண்டு திட்டுவது நியாயமில்லை. ஆனால் இந்த வருடம் வார்த்த பொம்மையும் 1955இன் தவறையே சுமந்தால் கேள்வி கேட்கலாம்.

"நம்ம ஊர் டைனோசர் எது தாத்தா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். தொப்பூர் கணவாயில் தேடிப் பயனில்லை. இந்தப் பாறைகள் 200 கோடி ஆண்டுக்கும் மூத்தவை. இவை உருவானபோது எலும்புள்ள உயிரே உலகில் கிடையாது. சேலம், ஆத்தூர், பெரம்பலூர் தாண்டி அரியலூருக்குப் போக வேண்டும். அங்கே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது.

அரியலூர் வட்டாரத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பி. யாதகிரி, கே. அய்யாசாமி இருவரும் 1979இல் திராவிடோசரஸ் என்று ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசர் வகை என்றார்கள். பிறகு அந்த இடத்தைப் பார்த்த சங்கர் சாட்டர்ஜி, இது டைனோசரே அல்ல, பிளீசியோசர் என்ற கடல் ஊர்வன என்றார். 2017இல் அய்யாசாமியும் பீட்டர் கால்டனும் அதை மறுத்தார்கள். வங்கி மொழியில் சொன்னால் இன்னமும் சஸ்பென்ஸ் கணக்கில் நிற்கும் தொகை.

இன்னொன்று கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசரஸ். 1980களின் இறுதியில் இதே இருவர் பெயரிட்டது. முதலில் மாமிச உண்ணி என்று எழுதி, பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. அதன் முழங்கால் கீழெலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. மிஞ்சியவை குறிப்புகளும் படங்களும்தான். நாளை யாராவது இதைப் பொம்மையாக வார்த்தால், சரியா தவறா என்று ஒப்பிட மூல வவுச்சரே இல்லை. அதற்கு நான் 10க்கு எத்தனை போடுவது?

வங்கியில் தவறான பதிவை ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். சங்கச் செயலாளரின் அனுமதியோடு போட்டிப் பதிவேட்டில் அவ்வாறே செய்துவிட்டேன். சிறுமிக்கு 3 அடிக்கப்பட்டு 9 ஆனது. அதன்படி அவளே முதலிடம். பையனின் 9ஐ நான் தொடவில்லை. கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்பதும் முறையல்ல. ஆகவே அதே அளவு எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்றை என் செலவில் வாங்கி, அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, "ஏன் தாத்தா பத்து இல்ல?" என்று கேட்டாள். வாலில் ஒட்டிய இறகு ஒரு பக்கம் மட்டும் இருந்ததைச் சொன்னேன். அடுத்த வருடம் இரண்டு பக்கமும் ஒட்டுகிறாளாம்.