செர்பிக்கோவுடன் சென்றவர்கள்

பொலிஸ் ஊழலைப் பேசிய ஹொலிவூட் படமொன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், எனது தலைமுறையினர் பலரும் 'செர்பிக்கோ'வைத்தான் சொல்வார்கள். 1973 டிசம்பரில் வெளியான படம். சிட்னி லூமெட் இயக்கினார். அல் பசினோ நடித்தார். கிரேக்க இராணுவ ஆட்சியின் சிறையிலிருந்து 1970 இல் விடுபட்டு வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டிருந்த மிக்கிஸ் தியோடோராக்கிஸ் இசையமைத்தார். கதை கற்பனையல்ல. பிராங்க் செர்பிக்கோ என்ற நியூயோர்க் பொலிஸ்காரரைப் பற்றிப் பீற்றர் மாஸ் எழுதிய நூலே அதற்கு அடிப்படை. படம் எனக்கும் பிடித்தமானதுதான். ஆனாலும் பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த ஒருவனுக்கு அதில் ஓரிடம் நெருடவே செய்யும். தனியொரு மனிதன் ஒரு திணைக்களத்தையே எதிர்த்து நின்றான் என்பதாகவே படம் மனதில் பதிகிறது. நடந்தது அதுவல்ல.

செர்பிக்கோ 1936 இல் புரூக்ளினில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பமொன்றில் பிறந்தவர். 1959 இல் பொலிஸில் சேர்ந்தார். பின்னர் சூதாட்டம் போன்ற குற்றங்களைக் கவனிக்கும் சிவில் உடைப் பிரிவுக்குச் சென்றபோதுதான் அங்கு ஊழல் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைக் கண்டார். 'ஒழுங்காக' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். சூதாட்டக்காரர்களிடமிருந்து மாதாமாதம் பணம் வசூலிக்கப்பட்டுப் பங்கிடப்பட்டது. வசூலுக்கு 'பாட்' என்றும் ஒருவருடைய பங்குக்கு 'நட்' என்றும் பெயர். மன்ஹாட்டனின் மத்திய பகுதியில் ஒரு பங்கு மாதம் 300 முதல் 400 டொலர் வரை. ஹார்லெமில் 1,500 டொலர். புதிதாக வருபவர் நம்பகமானவர்தானா என்று தெரியும்வரை இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இடமாற்றம் பெற்றுச் செல்பவருக்கு அந்த இரண்டு மாதப் பங்கும் பின்னர் கொடுத்துத் தீர்க்கப்படும். பணிக்கொடை வழங்கும் கம்பனி போலவே இயங்கியிருக்கிறார்கள்!

செர்பிக்கோ பங்கு வாங்க மறுத்தார். மேலதிகாரிகளிடம் முறையிட்டார். கேட்டவர்கள் தலையசைத்தார்களே தவிர எதுவும் நடக்கவில்லை. இந்த இடத்தில்தான் டேவிட் டர்க் வருகிறார். அம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் படித்துவிட்டு 1963 இல் பொலிஸில் சேர்ந்தவர் அவர். பொலிஸ் பயிற்சி வகுப்பொன்றில் இருவரும் நண்பர்களானார்கள். நகரத்தின் உயர்மட்டத்தில் டர்க்குக்கு அறிமுகம் இருந்தது. செர்பிக்கோவை மேயர் ஜோன் லிண்ட்சேயின் உதவியாளரிடமும் நகரின் விசாரணை ஆணையாளரிடமும் அழைத்துச் சென்றவர் அவரே. அங்கும் கதவுகள் திறக்கவில்லை. திரைப்படத்தில் டர்க்கின் பெயர் இல்லை. பொப் பிளெயர் என்ற பாத்திரமாக அவர் மாற்றப்பட்டுவிட்டார்.

எல்லா வாசலும் அடைபட்ட பிறகுதான் பத்திரிகை. நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர் டேவிட் பர்னம் 1968 டிசம்பரில், இரவுக் கடமையிலுள்ள பொலிஸார் வாகனங்களில் தூங்குவது பற்றி எழுதியவர். சில்லறை விடயமாகத் தோன்றலாம். ஆனால் உள்ளிருப்பவர்கள் ஒரு செய்தியாளரை நம்பத் தொடங்குவது இப்படிப்பட்ட எழுத்துகளால்தான். 1970 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செர்பிக்கோவும் டர்க்கும் டைம்ஸ் அலுவலகத்துக்குச் சென்றபோது அவர்களுடன் இன்ஸ்பெக்டர் போல் டெலிஸும் சென்றார். அதிருப்தியடைந்த ஓர் அதிகாரியின் குற்றச்சாட்டை ஆசிரியபீடம் ஒதுக்கிவிடலாம். பதவியிலிருக்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர் நேரில் வந்து 'உண்மைதான்' என்று சொன்னால் ஒதுக்க முடியாது. செர்பிக்கோவின் துணிச்சலுக்குச் சற்றும் குறைந்ததல்ல டெலிஸின் துணிச்சல் என்பேன். அவருக்கு இழப்பதற்கு அதிகம் இருந்தது. திரையில் இந்தச் சந்திப்பு ஒரு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

செய்தி வரப்போவதை அறிந்த மேயர் ஏப்ரல் 23 அன்று அவசரமாக ஒரு குழுவை அறிவித்தார். வேடிக்கை என்னவென்றால், விசாரிக்கப்பட வேண்டிய பொலிஸ் ஆணையாளரே அதில் ஓர் உறுப்பினர். ஏப்ரல் 25 அன்று பர்னமின் கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. அதன் பிறகு அந்தக் குழு நீடிக்க முடியவில்லை. மே மாதத்தில் சட்டத்தரணி விட்மன் நாப் தலைமையில் சுயாதீன ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

1971 பெப்ரவரி 3 இரவு, புரூக்ளினில் போதைப்பொருள் தேடுதல் ஒன்றின்போது செர்பிக்கோ முகத்தில் சுடப்பட்டார். கதவிடுக்கில் அவர் சிக்கியிருந்தபோது உடனிருந்த சகாக்கள் உதவிக்கு வரவில்லை என்றும், அதிகாரி சுடப்பட்டார் என்ற அவசர அழைப்பையும் அவர்கள் விடுக்கவில்லை என்றும் அவர் பின்னர் பலமுறை கூறியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் குடியிருந்த முதியவர் ஒருவரே உதவிக்கு அழைத்தவர். அது திட்டமிட்ட சதி என்று எங்கும் நிரூபிக்கப்படவில்லை. ஒரு காது செவிடாகி, தலையில் குண்டின் சிதறல்களோடு அவர் பிழைத்தார். படம் இந்த இரவிலிருந்தே தொடங்குகிறது.

நாப் ஆணைக்குழு 1971 ஒக்டோபரில் பகிரங்க விசாரணையைத் தொடங்கியது. செர்பிக்கோவும் டர்க்கும் டிசம்பரில் சாட்சியமளித்தார்கள். மறு ஆண்டு இறுதியில் வந்த அறிக்கையில் பயனுள்ள பகுப்பொன்று உண்டு. ஊழல்காரர்களை அது 'இறைச்சி தின்பவர்', 'புல் தின்பவர்' என்று பிரித்தது. முதலாமவர் பணத்தைத் தேடி வேட்டையாடுபவர். இரண்டாமவர் தானாக வருவதை வேண்டாம் என்று சொல்லாதவர். தலைப்புச் செய்தியாவது இறைச்சி தின்பவர்தான். ஆனால் பிரச்சினையின் மையம் புல் தின்பவரிடமே இருக்கிறது என்றது அறிக்கை. எண்ணிக்கையில் அவர்களே அதிகம்; இலஞ்சத்துக்கு மரியாதையைத் தேடிக்கொடுப்பவர்களும் அவர்களே. ஒரு கூடையில் சில பழங்கள்தான் அழுகியவை என்ற திணைக்களத்தின் வழக்கமான சமாதானத்தையும் அது நிராகரித்தது. இதே நகரில் 1894 இல் லெக்ஸோ குழு விசாரித்தது. நாப் அறிக்கைக்குப் பின்னர், 1990களில், மோலன் ஆணைக்குழுவும் அமைக்க வேண்டியதாயிற்று. ஆணைக்குழு அறிக்கைகள் அலுமாரியில் அடுக்கப்படுவதைப் பார்த்துப் பழகிய இலங்கையருக்கு இதில் வியப்பிருக்காது.

இனிப் படத்துக்கு வருவோம். பசினோவின் தாடியும் நீண்ட தலைமயிரும் கதையின் இறுதிக் காலத்துக்குரியவை என்பதால் படப்பிடிப்பைப் பின்னிருந்து முன்னாக நடத்தினார்கள். காட்சிக்குக் காட்சி மயிரைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மழித்த முகத்துடன் இளம் பொலிஸ்காரனை எடுத்தார்கள். பசினோவின் நடிப்பும் திரைக்கதையும் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. சட்டத்தை எள்ளிநகையாடும் காட்சி ஆகாது என்ற ஹொலிவூட்டின் பழைய தணிக்கை விதிகள் 1968 இல் கைவிடப்பட்டிராவிட்டால் இப்படியொரு படம் இத்தனை வெளிப்படையாக வந்திருக்குமா என்பது சந்தேகமே. லூமெட்டும் இந்த விடயத்தை விட்டுவிடவில்லை. 1981 இல் எடுத்த 'பிரின்ஸ் ஒஃப் த சிற்றி'யில், தானும் கறைபட்டுக்கொண்டு சகாக்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பொலிஸ்காரனைக் காட்டினார். எனது பார்வையில் அதுவே சிறந்த படம். அதில் வீரன் இல்லை.

பர்னம் பற்றி இன்னொரு தகவல். அணுசக்தி ஆலையொன்றின் முறைகேடுகள் பற்றிய ஆவணங்களுடன் கரன் சில்க்வுட் என்ற தொழிலாளி 1974 நவம்பரில் காரில் சென்றுகொண்டிருந்தபோது விபத்தில் இறந்தார். அவர் சந்திக்கச் சென்றுகொண்டிருந்த செய்தியாளர் இதே பர்னம்தான். அந்தக் கதையும் 1983 இல் மெரில் ஸ்ட்ரீப் நடிக்கத் திரைப்படமானது. பர்னம் 2024 இல் காலமானார். டர்க் 2012 இலேயே மறைந்துவிட்டார்.

செர்பிக்கோ 1972 ஜூனில் ஓய்வுபெற்று ஐரோப்பாவுக்குச் சென்றார். பொலிஸ் திணைக்களத்தின் அதியுயர் பதக்கம் எந்த வைபவமும் இன்றி அவரிடம் கொடுக்கப்பட்டது. அதற்குரிய சான்றிதழ் அவர் கைக்கு வந்துசேர்ந்தது 2022 பெப்ரவரியில். அப்போது அவருக்கு வயது 85.