செயலாய்வு: மேலாளர் தம் சொந்த நிறுவனத்தில்

பணியில் இருந்துகொண்டே மேலாண்மை பயிலும் ஒருவர், தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தையே ஆய்வுக் களமாக எடுத்துக்கொண்டு, அங்குள்ள ஒரு சிக்கலை உடன் பணிபுரிவோருடன் சேர்ந்து ஆராய்ந்து, அதற்கான மாற்றத்தையும் நடத்திக் காட்டும் முறை. எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ., வணிக மேலாண்மை முனைவர் ஆகிய படிப்புகளில் இது இன்று ஏற்கப்பட்ட ஆய்வு முறைகளில் ஒன்று. வெளியிலிருந்து வரும் ஆலோசகர் அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இந்த மாணவருக்கு அந்த வசதி இல்லை. தாம் கொண்டுவந்த மாற்றத்தின் விளைவோடு மறுநாளும் அதே இருக்கையில் உட்கார வேண்டியவர் அவர். இம்முறை வணிகப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது பிற்காலத்தில்தான். அதன் வேர்கள் ஒரு தையல் தொழிற்சாலையிலும், நிலக்கரிச் சுரங்கத்திலும், நெசவாலையிலும் இருக்கின்றன.

தோற்றம்

செயலாய்வின் முன்னோடி உளவியலாளர் குர்ட் லெவின் (1890–1947). அன்றைய பிரஷ்யாவில், இன்று போலந்தில் உள்ள மோகில்னோவில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்றார். திட்டமிடுதல், செய்து பார்த்தல், விளைவை அளந்தறிதல், மீண்டும் திட்டமிடுதல் என்று சுழன்று செல்லும் ஆய்வு முறையை 1946இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அடுத்த ஆண்டே காலமானார்.

அவருடைய கருத்துகள் தொழிற்களத்தில் சோதிக்கப்பட்ட முக்கிய இடம், வர்ஜீனியா மாநிலம் மாரியனில் இருந்த ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலை. அதன் தலைவர் ஆல்ஃபிரட் மாரோ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வேலை முறையை மாற்றும்போதெல்லாம் தொழிலாளர்கள் எதிர்ப்பது ஏன் என்பதே அங்கு எழுந்த கேள்வி. தொழிற்சாலையின் பணியாளர் நிர்வாகியாக இருந்த லெஸ்டர் காக், உளவியலாளர் ஜான் ஃபிரெஞ்சுடன் சேர்ந்து அதை ஆராய்ந்தார். முடிவுகள் 1948இல் வெளியாயின.

சோதிக்கப்பட்ட மாற்றங்கள் மிகச் சிறியவை. இஸ்திரி போடும் தொழிலாளர்கள் அதுவரை அரை டஜன் பைஜாமாக்களை அட்டையின் மேல் அடுக்கி வந்தார்கள். இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். இந்தக் குழுவுக்கு வழக்கம்போல மேலிருந்து உத்தரவு மட்டும் வந்தது. உற்பத்தி விழுந்தது, மீளவில்லை. முதல் 40 நாட்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். வேறு இரு குழுக்களில் எல்லோரும் கூடிப் பேசி, மாற்றத்தை வடிவமைப்பதில் பங்கெடுத்தார்கள். அங்கே உற்பத்தி விரைவில் பழைய அளவை எட்டி, அதையும் தாண்டியது. ஒருவரும் வேலையை விடவில்லை. சில வாரங்கள் கழித்து, முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களை வேறொரு வேலைக்கு மாற்றியபோது, இம்முறை அவர்களையும் கலந்து பேசினார்கள். எதிர்ப்பாளர்கள் என்று பெயரெடுத்த அவர்களே இப்போது விரைவாகத் தேறினார்கள். கோளாறு ஆட்களிடம் இல்லை, நடத்திய முறையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சுரங்கமும் தறிக்கூடமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் உருவான டாவிஸ்டாக் நிறுவனம், தொழிற்களத்திலிருந்து வந்த சிலரைப் பயிற்சி ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, அவரவர் தொழிலுக்கே திரும்பிச் சென்று பார்த்து வரச் சொன்னது. அவர்களில் ஒருவர், நிலக்கரி வெட்டியவரான கென் பாம்ஃபோர்த். இயந்திரம் வருவதற்கு முன் சுரங்கத்தில் சிறு குழுக்கள் முழு வேலையையும் தாங்களே பார்த்தன. இயந்திரம் வந்தபின் வேலை மூன்று ஷிப்டுகளாகத் துண்டாடப்பட்டு, ஆளுக்கொரு துண்டு என்று ஆனது. ஒரு ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது. பாம்ஃபோர்த்தும் எரிக் டிரிஸ்ட்டும் 1951இல் வெளியிட்ட ஆய்வு, தொழில்நுட்பத்தையும் மனித உறவையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்பதை நிலைநாட்டியது. நிலத்தடியில் உழைத்த கை எழுதியதால்தான் அதற்கு அந்த நுட்பம் வாய்த்தது.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலைக்கு வந்தார். தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. தறிக்கூடத்தில் 12 வகை வேலைகள் தனித்தனியே பிரிந்து கிடந்தன. ஒருவருக்கொருவர் பொறுப்பு இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு குழு பொறுப்பேற்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டதும், தொழிலாளர்கள் தாங்களே குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, துணிச்சேதம் குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் திரும்பிச் சென்று பார்த்தபோது, ஒரு கூடத்தில் குழுமுறை நீடித்திருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து போயிருந்தது. மாற்றத்தைத் தொடங்குவதைவிடக் கட்டிக்காப்பது கடினம் என்பதை இந்தத் தொடராய்வு பதிவு செய்தது.

ரெவன்ஸின் பங்கு

மேலாளரையே ஆய்வாளராக்கிய பெருமை ரெக் ரெவன்ஸுக்கு (1907–2003) உரியது. கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆய்வாளர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர். பின்னர் பிரிட்டிஷ் நிலக்கரித் துறையின் கல்விப் பொறுப்பில் இருந்தபோது, சுரங்க மேலாளர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, ஒருவர் சிக்கலை மற்றவர் கேள்வி கேட்டுத் துருவ வைத்தார். இதுவே செயல்வழிக் கற்றல் எனப் பெயர் பெற்றது. கற்றல் என்பது பாடமாக வந்த அறிவோடு சரியான கேள்வியும் சேர்வது என்பது அவர் சூத்திரம். 1960களில் லண்டன் மருத்துவமனைகளிலும், பின்னர் பெல்ஜியத்திலும் இம்முறையை நடத்தினார். பெல்ஜியத்தில் மேலாளர்கள் பெரும்பாலும் பிற நிறுவனங்களின் சிக்கல்களை எடுத்துக்கொண்டார்கள். சொந்த வீட்டில் கேட்கத் தோன்றாத கேள்வி அயல்வீட்டில் எளிதாக வரும் என்பது அதன் நியாயம். மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த அவர், அமெரிக்கப் பாணி வணிகக் கல்வி அங்கு வேரூன்றியபோது பதவியை விட்டு விலகினார்.

வணிகப் பள்ளிகளில்

சிகாகோ பல்கலைக்கழகம் 1943இல் முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியது. ஆயினும் அலுவலரின் சொந்த வேலையிடம் பாடமாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. செயலாய்வு அறிவியலாகுமா என்ற ஐயத்துக்கு ஜெரால்ட் சஸ்மனும் ரோஜர் எவரெட்டும் 1978இல் விரிவாகப் பதில் எழுதினார்கள். டொனால்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூல், செய்யும்போதே சிந்திக்கும் தொழில்வல்லுநரின் அறிவுக்குக் கல்வியுலகில் மதிப்பு தேடித் தந்தது. ஹென்றி மின்ட்ஸ்பெர்க்கும் சக பேராசிரியர்களும் 1996இல் தொடங்கிய பன்னாட்டு முதுநிலைப் படிப்பில், மேலாளர்கள் தங்கள் பணி அனுபவத்தையே வகுப்பறைக்குக் கொண்டுவந்து பகிர்ந்தார்கள். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகமும் அதில் பங்கேற்றது. சொந்த நிறுவனத்தில் செயலாய்வு செய்வதற்கென்றே டேவிட் காக்லனும் தெரசா பிரானிக்கும் 2001இல் எழுதிய கையேடு, பல பதிப்புகள் கண்டு இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

முறையும் சிக்கல்களும்

சூழலையும் நோக்கத்தையும் வரையறுத்தல், சிக்கலை உடன் இருப்போருடன் சேர்ந்து உருவப்படுத்தல், திட்டமிடல், செயல்படல், மதிப்பிடல் என்பவை ஒரு சுற்று. நிறுவனத்துக்கான பணியும் பட்டத்துக்கான ஆய்வேடும் தனித்தனியே நடக்கின்றன. நிறுவனத்தில் திட்டம் தோற்றாலும், தோல்வியை நேர்மையாக ஆராய்ந்த ஆய்வேடு தேறலாம்.

மூன்று இடர்கள் எப்போதும் உண்டு. முதலாவது முன்னறிவு: எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, கேட்க வேண்டிய கேள்வியைத் தடுத்துவிடும். இரண்டாவது இரட்டைப் பாத்திரம்: காலையில் வருகைப் பதிவைக் கண்டித்த மேலாளர், மாலையில் ஆய்வாளராக வந்து மனம் திறந்து பேசச் சொன்னால், கீழே இருப்பவர் எப்படிப் பேசுவார்? மூன்றாவது அலுவலக அரசியல்: உண்மையான கண்டுபிடிப்பு மேலிடத்துக்குப் பிடிக்காமல் போகலாம். ஆகவே உடன் பணிபுரிவோரின் ஒப்புதல், பெயர் மறைப்பு, மறுக்கும் உரிமை ஆகியவை இந்த ஆய்வில் கட்டாயம்.

மதிப்பீடு

ஒரே நிறுவனத்தில் கிடைத்த முடிவை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது என்பது இதன் மீதான பழைய விமர்சனம். அது சரியானதே. ஆனால் இன்றைய பெரிய குறை வேறு. நிர்வாகம் ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஆய்வு முத்திரை குத்தும் திட்ட அறிக்கைகள் செயலாய்வு என்ற பெயரில் வருகின்றன. ஹார்வுட் முதல் அகமதாபாத் வரையிலான வரலாறு இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தருகிறது: மாற்றம் யார் வேலையைத் தொடுகிறதோ, அவர்கள் ஆய்வில் பங்காளிகளாக இருந்த இடங்களில்தான் அது பலித்தது. அவர்கள் குரல் இல்லாத ஆய்வேட்டுக்குப் பட்டம் கிடைக்கலாம். அதைச் செயலாய்வு என்று ஏற்க முடியாது.