பேணுவோரைப் பேணுவார் யார்?

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதியிலுள்ள இணுவில், செம்மண்ணும் கிணற்று நீரும் வளமளித்த ஊராகும். புகையிலையும் மரக்கறியும் விளைந்த தோட்டங்கள் வீடுகளை அடுத்தே இருந்தன. விடியற்காலையில் துலா மிதித்து நீர் இறைத்தவன், வெயில் ஏறுமுன் வீடு திரும்பித் திண்ணையிலிருந்த தந்தைக்குக் கஞ்சி கொடுத்தல் கூடும். தொழிலும் பெற்றோர் பராமரிப்பும் அருகருகே நடைபெற்ற காலம் அது.

அக்காலத்திலும் முதியோர் நலன் அன்பு ஒன்றையே நம்பி நிற்கவில்லை. ஒல்லாந்த தேசாதிபதி சைமன்சின் ஆணைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707 ஆம் ஆண்டில் தொகுத்தளித்த தேசவழமை இதற்குச் சான்று. விவாகமாகாத புதல்வர் தேடிய பொருள் பெற்றோரின் பொதுச் சொத்திற் சேரவேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கும்வரை புதல்வர் பங்கு கேட்டலாகாது. மூப்பினால் பெற்றோர் சொத்தை நிருவகிக்க இயலாதவிடத்து, புதல்வர் அதனைப் பகிர்ந்துகொண்டு அவர்களைப் பேணுவர். சொத்துக் கைக்கு வந்தபின் பெற்றோரை மறந்தாரும் உளர் என்பதை அத்தொகுப்பு மறைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாண இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் தேடிச் சென்றனர். 1905 இல் காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் இடையே இருப்புப்பாதை நிறைவுற்றதும், கொழும்பு உத்தியோகமும் எளிதாயிற்று. மாதந்தோறும் மணியோடர் வந்தது. ஆனால், இரவில் எழுந்து மருந்து கொடுக்கும் கை அதனோடு வரவில்லை.

அந்தக் கை பெரும்பாலும் மகளுடையதாயிற்று. வீடும் காணியும் சீதனமாகப் பெற்றுப் பெற்றோருக்கு அண்மையில் வாழ்ந்தவள் அவளே. காலஞ்செல்ல அவளும் ஆசிரியையாக, தாதியாக, எழுதுவினைஞராக உத்தியோகத்திற் சேர்ந்தாள். 1898 இல் இணுவிலில் அமெரிக்க மிஷனார் நிறுவிய மக்லியொட் பெண்கள் வைத்தியசாலை, நோயுற்ற பெண்களுக்குப் புகலிடமானதோடு பெண்கள் தொழில் பார்க்கும் இடமுமாயிற்று. மகளின் வேலை இரண்டாயிற்று. நாளோ ஒன்றாகவே இருந்தது.

போர் இச்சுமையை மேலும் பெருக்கிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, நடக்கவியலாத பெற்றோரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிச் சென்றோர் பலர். பிள்ளைகள் பலர் கடல் கடந்து குடியேறினர். ஊரில் எஞ்சிய ஒருவர்மேலேயே பல வீடுகளின் முதுமை பொறுத்தது.

இலங்கையின் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என விதிக்கின்றது. வருவாயற்ற பெற்றோர் பராமரிப்புப் பணங் கோரவும் வழிசெய்கின்றது. கைவிட்ட பிள்ளையை இச்சட்டம் கண்டிக்கும். கைவிடாத பிள்ளையின் நிலை வேறு. தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற நாளில் அவர் இழக்கும் சம்பளத்தையும் உறக்கத்தையும் எவர் ஈடுசெய்வது?

இவ்வினா உலகெங்கும் எழுந்ததே. குடும்பப் பொறுப்புடைய தொழிலாளர் பற்றிச் சர்வதேசத் தொழில் தாபனம் 1981 இல் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஜேர்மனி 1995 இல் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதி, வீட்டில் முதியோரைப் பேணும் உறவினருக்கு உரிய ஓய்வூதியப் பங்கையும் செலுத்துகின்றது. பேணுதலும் உழைப்பே என்னும் கொள்கை அதில் அடங்கியுள்ளது.

பெற்றோரைக் காக்கும் கடமையை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஏட்டிலெழுதிய சமூகம் யாழ்ப்பாணச் சமூகம். அக்கடமையைச் செய்வோருக்குச் சில மணி நேர ஓய்வும், தொழிலிடத்திற் சிறிது விட்டுக்கொடுப்பும், முறைவைத்து உதவும் அயலாரும் கிடைக்கச் செய்வது, அவ்வேட்டில் இன்னும் எழுதவேண்டிய பகுதியாகும்.