சிற்றணு உலைகளும் மலையகத் தோட்டச் சமூகமும்
சிற்றணு உலை 300 மெகாவாட் வரை மின்னாக்குவது. இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி ஒழுங்குபடுத்தலுக்குத் தனிப் பேரவையை நிறுவியது. சிற்றணு உலை இங்கு வந்தால் அதன் மின்சாரம் யாருக்கு உதவும், யாரை வாட்டும் என்று எடைபோட மலையக நீர்மின் வரலாறே தக்க சான்று. தோட்டங்கள் பல ஓடைநீரில் சுழலி ஓட்டித் தேயிலை அரைத்தன. பெக்டரியில் மின்குமிழ் எரிந்த காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்குதான், அதன் புகைக்கரி படிந்த சுவர்தான். பின்னர் வந்த பெரிய நீர்மின் திட்டமும் சான்று தருகிறது. மலையகத்தில் டயகமப் பக்கத்து ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவுக்கு நீர் தருகிறது. அந்நீரைத் தலவாக்கலையில் மறித்த 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதனால் செயின்ட் கிளேயர் அருவி மெலிந்தது, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. உலை சிறிதானாலும் காணி, பாதுகாப்பு வலயம், கழிவு ஆகிய கேள்விகள் சிறிதாகா. காணியுறுதி இல்லாத லயவாசிக்கு இழப்பீட்டு உரிமையும், அவசர அறிவித்தல் தமிழில் கிடைப்பதும் உலைக்கு இடம் தேரும் முன்பே தீர வேண்டியவை.